மாமாவுக்கு ஒரு கோட்டு

கரியாலூர்
12-9-1982

அன்புள்ள தம்பி பச்சமுத்துவுக்கு அக்கா கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். நீ, செவ்வந்தி, பாப்பா மூன்று பேரும் சுகந்தானா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது என்று உன் வீட்டுக்காரியிடம் சொல்.

ஹாஸ்டலில் சமையல் வேலை நடக்கிறது. பிள்ளைகள் இந்த வருஷம் நூற்றுப்பத்து பேர். மழை இறங்கிவிட்டதால் விறகு எரியாமல் புகைகிறது. கண் எரிச்சல்தான் ஜாஸ்தி.

விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி நாலாம் தேதியோடு உன் மாமா போய் ஒரு வருஷம். படையலுக்கு வேட்டி துண்டெல்லாம் நானே வாங்கிவிடுவேன். குளிருக்குப் போடுகிற கோட்டு ஒன்று நீ வாங்கித் தர வேண்டும். சிரிக்காதே. ஆடி மாதத்திலிருந்து விடியற்காலைக் கனவில் வருகிறார். தலையெல்லாம் ஈரமாக வாசலில் நிற்கிறார். "குளிருது" என்கிறார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டாலும் அசைவதில்லை. கோயில் பூசாரி பொன்னுரங்கத்திடம் சொன்னேன். "செத்தவங்க இன்னா கேட்டு வர்றாங்களோ அத வெச்சிப் படைச்சிடணும்மா. இல்லன்னா வந்துக்கினேதான் இருப்பாங்க" என்றார்.

நீ தையல்காரன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் உனக்குத் தெரியாத துணியா? என்னிடம் எழுபத்தைந்து ரூபாய் இருக்கிறது. அதற்குள் நல்லதாகப் பார். படைத்த துணியை வீட்டு ஆம்பிளை ஒருத்தர் உடுத்தினால்தான் போனவருக்குப் போய்ச் சேரும், உனக்கே தெரியும். எனக்குப் பிள்ளை இல்லை. அவருக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. நீதான் உடுத்த வேண்டும். அன்றைக்கு வந்துவிடு.

பாப்பாவுக்கு அத்தை முத்தம். உங்கள் சுகத்துக்குச் சாமியை வேண்டிக்கொண்டிருக்கும்
அக்கா கொளஞ்சி


கள்ளக்குறிச்சி
25-9-1982

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். பாப்பாவுக்குக் கீழே ரெண்டு பல் வந்துவிட்டது, கடித்துவைக்கிறாள். உன் கண் எரிச்சலுக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்.

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. தீபாவளித் துணி வந்து குவிந்துகொண்டிருக்கிறது, மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கோவித்துக்கொள்ளாதே.

கோட்டு எதற்கு அக்கா? நம் குடும்பத்தில் யார் கோட்டு போட்டிருக்கிறார்கள்? மாமாவே உயிரோடு இருந்தபோது போட்டதில்லை. வேட்டி துண்டு வைத்துப் படைத்தால் போதாதா? களி தின்றுவிட்டு உடனே படுத்தால்கூட இப்படிக் கனவு வரும். மார்கழியில் பொங்கல் துணி தைக்க ஆரம்பித்துவிடுவோம். நான் வருவதும் கஷ்டம்தான்.

அப்புறம் ஒன்று. கனவில் மாமா வேறு ஏதாவது சொல்கிறாரா? சொன்னால் எழுது.

இப்படிக்கு, என்றும் உன் தம்பி
பச்சமுத்து


கரியாலூர்
3-10-1982

தம்பி பச்சமுத்துவுக்கு ஆசிகள். சுகம், சுகத்துக்கு எழுதவும்.

நல்லா இருக்கிறது உன் நியாயம். களி தின்றதால் புருஷன் கனவில் வருகிறாராம். முப்பது வருஷமாகக் களிதான் தின்கிறேன். வேறு எந்தச் செத்தவரும் வரவில்லையே. அவர் வேறொன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு வார்த்தைதான். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

உன் பெண்ணைப் பார்க்கத்தான் அன்றைக்குக் கீழே வந்தார் என்பதை மறந்துவிட்டாயா? பிறந்து பன்னிரண்டு நாள் குழந்தையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பியவர். மண் சரிந்து பஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மழையில் நடந்தே மேலே ஏறி, பத்தாவது வளைவில் விறைத்துப்போய்க் கிடந்தார். அவருக்கு ஒரு கோட்டு ஜாஸ்தியா? உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?

எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், கேள். முழங்கால் வரைக்கும் நீளம் வேண்டும். இடுப்போடு நிற்கிற கோட்டு மலைக்கு உதவாது, காற்று கீழிருந்துதான் ஏறும். மழை பட்டால் உடனே ஊறிவிடக் கூடாது. ரொம்பக் கனமும் கூடாது, வளைவில் ஏறும்போது தோள் இழுக்கும். பித்தான் பெரிதாக இருக்கட்டும். குளிரில் விரல் மரத்துப்போனால் சின்னப் பித்தான் மாட்ட வராது. பாக்கெட் ஆழமாக வை, கை முழுசும் உள்ளே போக வேண்டும்.

அவர் சட்டையை அளந்து நூலில் முடிச்சுப் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு தோள், ரெண்டாவது கை, மூன்றாவது நீளம். இடது தோள் சற்று இறக்கம், ரோட்டு வேலையில் கல் தூக்கித் தூக்கி அப்படி ஆனது. அதையும் பார்த்துக்கொள்.

பாப்பா கடித்தால் அடிக்காதே.
அக்கா


கள்ளக்குறிச்சி
20-10-1982

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் நலம் அறிய ஆவல். செவ்வந்திக்கு இருமல், மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நூல் கிடைத்தது. கடைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி நாலு இடத்தில் விசாரித்துவிட்டேன். புதிதாக ரெடிமேட் கம்பளிக் கோட்டு நூற்றெண்பதுக்குக் கம்மியாக இல்லை. அது நமக்கு ஆகாது. சேலத்திலிருந்து பழைய கோட்டு மூட்டையாக வருகிறது. வெளிநாட்டுச் சரக்கு. பழுப்பு நிறத்தில் ஒன்று பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வருகிறது, நாற்பது ரூபாய்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பூச்சி அரித்த ஓட்டை இல்லை. அக்குள் தையலும் விடவில்லை. பழைய கோட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். மிலிட்டரிக் கோட்டு ஒன்று எழுபதுக்கு இருக்கிறது, ஆனால் நனைந்தால் ஒரு மூட்டை நெல் கனம் வந்துவிடும். ரெக்ஸினில் ஜிப் வைத்தது அறுபத்தைந்து. மழைக்கு நல்லது. ஆனால் வியர்த்தால் வியர்வை வெளியே போகாது, உள்ளேயே நின்று அப்புறம் சில்லிடும்.

என்னைக் கேட்டால் பழுப்புக் கோட்டுதான். மிச்சப் பணத்துக்குப் படையலை நன்றாகச் செய்யலாம். உன் பதிலைப் பார்த்து வாங்குகிறேன். உடுத்துவதற்கு மட்டும் வேறு யாரையாவது பாரேன். எனக்குக் கோட்டெல்லாம் ஒத்துவராது.

இப்படிக்கு
பச்சமுத்து


கரியாலூர்
28-10-1982

அன்புள்ள தம்பிக்கு. செவ்வந்தியின் இருமலுக்குத் துளசி, மிளகு கஷாயம் வைத்துக் கொடு. மலை மிளகு கொஞ்சம் கண்டக்டர் சின்னக்கண்ணுவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பழைய கோட்டு வேண்டவே வேண்டாம். எவன் செத்துக் கழற்றிப் போட்டதோ. ஒரு செத்தவன் துணியை இன்னொரு செத்தவருக்குப் போட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து என் வாசலில் வந்து நிற்கவா? ஜிப்பும் வேண்டாம். உன் மாமா ஆயுசுக்கும் ஜிப்பைத் தொட்டதில்லை, போன இடத்தில் யாரைக் கேட்டுப் பழகுவார்? மிலிட்டரி கனம் என்று நீயே சொல்லிவிட்டாய். நல்ல துணியாக எடுத்து நீயே தைத்துவிடு. கூலி கேட்டால் தருகிறேன்.

இன்னொன்று மறந்துவிட்டேன். நூல் அளவுக்கு மேல் நாலு விரல் பெரிதாகத் தை. அன்றைக்குக் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இங்கிருந்து கிளம்பினார். அவரைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனது யாரோ வெளியூர் லாரிக்காரர். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் வெள்ளைத் துணி சுற்றித் தைத்துவிட்டார்கள். கம்பளி எங்கே என்று கேட்கிற நிலையிலா இருந்தேன்? அது அவரோடுதான் போயிருக்கும். அதைப் போர்த்திக்கொண்டும் விறைத்துப்போனார் என்றால் அந்தக் குளிர் எப்படிப்பட்ட குளிர் என்று பார்த்துக்கொள். ஆனாலும் கடைசி வரைக்கும் உடம்பில் அது இருந்தது என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல். அதனால் கம்பளிக்கு மேல் போடுகிற மாதிரி கோட்டு தாராளமாக இருக்கட்டும்.

உடுத்துவது நீதான். அதில் பேச்சே இல்லை.
அக்கா


கள்ளக்குறிச்சி
19-11-1982

அன்புள்ள அக்காவுக்கு, நலம். தீபாவளி நல்லபடியாகப் போனது. மிளகு வந்தது, இருமல் நின்றுவிட்டது.

உனக்கு அதிர்ஷ்டம்தான். கட்பீஸ் கடை சவரிமுத்துவிடம் சாம்பல் நிறத்தில் கெட்டிக் கம்பளித் துணி, சுருள் முடிகிற கடைசித் துண்டு கிடைத்தது. ஓரத்தில் சாயம் சரியாக ஏறவில்லை என்று பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தை மடித்து உள்ளே விட்டுவிட்டேன், வெளியே தெரியாது. கையில் கசக்கிவிட்டால் சுருக்கம் நிற்காமல் எழும்புகிறது, அசல் கம்பளிதான். லைனிங்குக்கு வழவழப்பான துணி போட்டிருக்கிறேன், கை நுழைக்கச் சுலபம். காலரை உயர்த்தி வைத்திருக்கிறேன். மழைத்தண்ணீர் கழுத்து வழியாகத்தான் முதலில் இறங்கும். உன் பணத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அளவு மட்டும் நீ சொன்ன மாதிரி நாலு விரல் விடவில்லை. அப்படி விட்டால் தோள் தொங்கும். துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று புகுந்துகொள்ளும், சூடு நிற்காது. சட்டைக்கு மேல் போடுகிற அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறேன். மாமா மேல் அன்றைக்கு வெறும் சட்டைதானே இருந்தது. இன்னும் பித்தான் காஜா எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பச்சமுத்து


கரியாலூர்
24-11-1982

பச்சமுத்து,

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். உலை பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

மாமா மேல் வெறும் சட்டைதானே இருந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். நான் பார்த்த வெள்ளைத் துணியைத்தான் நீயும் பார்த்தாய். அந்த லாரிக்காரர் யாரென்று ரெண்டு பேருக்குமே தெரியாது. பிறகு உனக்கு எப்படித் தெரியும்?

கம்பளி எங்கே?

கொளஞ்சி


கரியாலூர்
4-12-1982

பச்சமுத்து,

பத்து நாளாகத் தினமும் போய்த் தபால்காரர் பச்சைப் பையைத் திறக்கிற வரைக்கும் நின்றுவிட்டு வருகிறேன். கோட்டு எனக்கு அவசரமில்லை. பதில்தான் வேண்டும்.

கொளஞ்சி


கள்ளக்குறிச்சி
8-12-1982

அன்புள்ள அக்காவுக்கு, உன் கால்களில் விழுந்து எழுதுகிறேன்.

கம்பளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாதது தப்புதான். நீ இங்கே வருகிறாய் என்றால் செவ்வந்தி எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

அன்றைக்கு இங்கேயும் விடாத மழை. ஓட்டு வீடு, நாலு இடத்தில் ஒழுகியது. பாப்பாவுக்கு உடம்பு சில்லிட்டுப்போய்ப் பால்கூடக் குடிக்கவில்லை. மாமா பார்த்தார். தானே கம்பளியை எடுத்து அவள் மேல் போர்த்தினார். "கொழந்தைக்கு இருக்கட்டும் மச்சான், நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. பஸ் நின்றுபோகும் என்று யாருக்குத் தெரியும்?

பாப்பா பிழைத்தது அவரால்தான். அவரைத் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

பச்சமுத்து


கரியாலூர்
11-12-1982

தம்பி,

கடிதம் வந்ததும் அழுதேன். அழுதுவிட்டு, அப்படி ஒரு மனுஷனைக் கட்டினேனே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. ஹாஸ்டல் வாட்ச்மேன் முதல் எல்லோரிடமும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரு கரண்டி குழம்பு ஜாஸ்தி ஊற்றினேன்.

ரெண்டு நாள் போனதும் சந்தோஷம் போய்விட்டது. வாயால் சொல்லிக் கொடுத்திருந்தால் அதை ஏன் ஒரு வருஷம் ஒளித்து வைக்க வேண்டும்? சாவு வீட்டிலேயே நீ சொல்லியிருப்பாய், ஊரே அவரைப் புகழ்ந்திருக்கும். அவர் சித்திரை மாதத்திலேயே கம்பளியை விடாத மனுஷன். கொடுக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் என்னிடம் கனவில் வந்து குளிருது என்று எதற்குச் சொல்கிறார்?

நான் கேட்பது இது ஒன்றுதான். அவர் கொடுத்தாரா, நீங்கள் எடுத்தீர்களா?

நீ எழுதியது நிஜம் என்றால் பதில் எழுதாதே. நான் அதையே நம்பிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவேன், என்னால் முடியும். வேறு ஏதாவது நடந்திருந்தால், அதை எழுதத் தைரியம் இருந்தால், எழுது.

கொளஞ்சி


கள்ளக்குறிச்சி
15-12-1982

அக்கா,

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் ரெண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

மாமா கொடுக்கவில்லை. சாப்பிட உட்காரும்போது கம்பளியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எடுத்துக்கொண்டு போய்ப் பாப்பாவைச் சுற்றிவிட்டேன். கேட்டு எடுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஆணியைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பாப்பாவையும் பார்த்தார்.

கிளம்பி வாசலில் நின்றார். "குளிருது மச்சான்" என்றார். அவ்வளவுதான். திருப்பிக் கேட்டாரா, சும்மா சொன்னாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. காதில் விழுந்தது அக்கா, நன்றாகவே விழுந்தது. நான் குனிந்து அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி இருந்துவிட்டேன். "ராத்திரி இருந்துட்டுக் காலையில போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் இருந்தால் அவருக்குப் போர்த்தக் கொடுக்க வேண்டும். வீட்டில் கெட்டியாக இருந்தது அது ஒன்றுதான். அதனால் சொல்லவில்லை. அவரும் ரெண்டாவது தடவை சொல்லாமல் மழையில் இறங்கிவிட்டார்.

உன் முதல் கடிதத்தில் வாசலில் நிற்கிறார், குளிருது என்கிறார் என்று படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன். நீ அங்கே இல்லை. யார் உனக்குச் சொன்னது? அன்றிலிருந்து பகலில் மெஷின் மிதிக்கும்போதே கடை வாசலை யாரோ மறைக்கிற மாதிரி துணி மேல் நிழல் விழுகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. கோட்டை முடித்து மாட்டி வைத்த மறுநாள் காலையில் பார்த்தால் இடது தோள் நனைந்திருந்தது. ஓடு ஒழுகியிருக்கும் என்றாள் செவ்வந்தி. மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது.

கோட்டை சின்னக்கண்ணுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். படையலுக்கு நான் வரமாட்டேன். அதை உடுத்த என்னால் முடியாது. என்ன திட்டினாலும் திட்டிக்கொள்.

பச்சமுத்து


கரியாலூர்
27-12-1982

தம்பிக்கு,

கோட்டு வந்தது. மார்கழி நாலாம் தேதி படையல் போட்டேன். உடுத்துகிற ஆம்பிளை எங்கே என்று பூசாரி கேட்டார். வரவில்லை என்றேன். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் தன் மகனைக் கூப்பிடவா என்றாள். உறவில்லாதவன் எதற்கு? எல்லோரும் பார்க்க நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பொம்பளை போடக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். ஆம்பிளைகள் லட்சணத்தைத்தான் பார்த்தோமே என்று சொல்லிவிட்டேன்.

நன்றாகத்தான் தைத்திருக்கிறாய். காலர் கழுத்தை ஒட்டி நிற்கிறது. கை மட்டும் எனக்கு விரல் நுனி வரைக்கும் வருகிறது. விடிகாலையில் அடுப்புப் பற்றவைக்க அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உன் மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஒரு வாய்ச் சோறு போட்டு அவரை மழையில் அனுப்பினாய். அடுப்பை ஊதும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் பாப்பாவிடமிருந்து கம்பளியைப் பிடுங்கி ஒளித்து வைக்காதே. அவள் என்ன செய்தாள்? போர்த்திக்கொண்டே தூங்கட்டும்.

படையல் போட்டு எட்டு நாள் ஆகிறது. கனவில் அவர் வரவில்லை. குளிர் தீர்ந்துவிட்டது என்று ரங்கம்மாள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கோட்டு கேட்டு வரவில்லை தம்பி. கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஆறு மாதமாகத் தெரியாத்தனமாக என் வாசலில் நின்றிருக்கிறார்.

இனி அங்கேதான் வருவார். வந்து நின்றால் செருப்பைத் தேடாதே. நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "இருந்துட்டுப் போங்க மாமா"ன்னு சொல்லு.

அக்கா கொளஞ்சி